மச்சான் எடுத்துத் தந்த ஸ்கோப்

கண்ணாடியைப் பற்றி எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நான் சொல்வது மூக்குக்கண்ணாடி அல்ல, லென்ஸ். பதினெட்டு வருஷமாக அதைத்தான் தோளில் சுமந்து திரிகிறேன். டென்மார்க்கில் தொடங்கி, இப்போது லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் வீடியோக் கடை வைத்திருக்கிறேன். கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, அரங்கேற்றம் என்று ஒன்றையும் விட்டுவைத்ததில்லை. மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று மணப்பெண்ணின் மூக்குத்தியை எடுத்துக் காட்டு என்றால் எடுத்துக் காட்டுவேன். என் பெயர் எட்வேட். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். 2006 நவம்பரில் அந்தப் பெருமைக்கு என்ன நடந்தது என்று சொல்லப்போகிறேன். அது எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று தெரிந்தால்தானே விழுந்த சத்தம் உங்களுக்குக் கேட்கும்.

என் மனைவி வசந்தமலருக்கு ஒரே ஒரு தமையன், கிறிஸ்துநாயகம். என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார். லண்டனிலேயே எட்மண்டன் பக்கம் இறைச்சிக்கடை வைத்திருக்கிறார். அதற்குமுன் பதின்மூன்று வருஷம் நோர்வேயில் மாடடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அங்கே கூட வேலை செய்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு இலையுதிர்காலமும் பத்து நாள் காட்டுக்குப் போய், எல்க் என்கிற குதிரையைவிடப் பெரிய மானைச் சுட்டு இறைச்சியைப் பங்குபோடுவார்கள். முதல் வருஷம் நாயகத்தைச் சமைக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாலாம் வருஷம் அவர் கையில் துவக்கு இருந்தது. அதற்கென்று சோதனை எழுதி, சுட்டுக் காட்டி, முறைப்படி எடுத்த அனுமதி. அந்தப் பத்து நாள்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் மனிதனின் முகம் திறக்கும். மற்றபடி வாயைத் திறக்கவே காசு கேட்கிற ஆள்.

2002இல் பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்கு வந்தார். நாலு வருஷமாகக் காடு இல்லை. குளிரறைக்குள்ளும் வெட்டுமேசையிலும் நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் நின்று நின்று முழங்கால் தேய்ந்து, ஐம்பத்தொரு வயதில் அறுபதைப் போல ஆகிவிட்டார்.

அப்போதுதான் ஒரு வழி பிறந்தது. கடைக்கு ஆடு கொண்டுவருகிறவர் மூலமாக எசெக்ஸ் பக்கம் ஒரு பண்ணைக்காரரின் அறிமுகம் கிடைத்தது. அவருடைய இரண்டு காட்டுத்துண்டுகளிலும் மான் பெருகிக் கோதுமையைத் தின்கிறதாம். சுடுவதற்கு இரண்டு பேரை வைத்திருந்தார், ஒருவர் வயதாகி நின்றுவிட்டார். அந்த இடத்துக்கு நாயகத்தை எடுக்கலாம், ஆனால் தன் கண்முன்னே சுட்டுக் காட்டவேண்டும் என்றார். நூறு யார், ஏறத்தாழத் தொண்ணூறு மீற்றர் தூரத்தில் நாலு அங்குல வட்டம். மூன்று வெடி. மூன்றும் உள்ளே விழுந்தால் காடு நாயகத்துக்கு. ஒன்று வெளியே போனாலும் வரிசையில் நிற்கிற அடுத்த ஆளுக்கு. நாள், நவம்பர் மூன்றாவது சனிக்கிழமை.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பொலிஸ் துவக்குக்கு அனுமதி கொடுத்ததே அந்தப் பண்ணைக்காரரின் கடிதத்தைப் பார்த்துத்தான். வீட்டுக்கு வந்து, சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்து, நூறு கேள்வி கேட்டுவிட்டுப் போனார்கள். தமிழன் வீட்டில் துவக்காம் என்று லண்டன் முழுக்கக் கதை போய்விடும் என்று நாயகத்தின் மனைவி, என் மச்சாள், அன்று முழுநாளும் யன்னல் திரையைத் திறக்கவில்லை. காடு கிடைக்காவிட்டால் அந்த அனுமதிக்குக் காரணம் இல்லை. துவக்கை விற்கத்தான் வேண்டும். இன்னொரு பண்ணைக்காரர் தேடி வரும்வரைக்கும் நாயகத்தின் முழங்கால் காத்திருக்காது.

துவக்கு சுவீடனில் செய்தது, பழையது, நல்லது. ஆனால் அதன்மேல் ஸ்கோப் இல்லை. ஸ்கோப் என்பது துவக்கின் முதுகில் பூட்டுகிற தொலைநோக்கிக் குழாய். உள்ளே சிலுவைக்கோடு தெரியும். கோடு எங்கே நிற்கிறதோ குண்டு அங்கே போகவேண்டும். துவக்கும் பெட்டியும் கையிருப்பை விழுங்கியபிறகு மச்சாள் ஒதுக்கிக் கொடுத்தது இருநூறு பவுண். அதற்குமேல் ஒரு சதமும் இல்லை என்று சொல்லிவிட்டா.

ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல இறைச்சிப் பொதியோடு எங்கள் வீட்டுக்கு வந்த நாயகம், தேத்தண்ணி குடித்துக்கொண்டே இதை மெதுவாகச் சொன்னார். ஸ்கோப் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். லென்ஸ் என்றால் என்னுடைய சாம்ராச்சியம் அல்லவா. நாயகம் ஏதோ தான் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகத் தொடங்கினார். நான் கையை நீட்டி மறித்தேன். அந்தப் பாரத்தை என்னிடம் விடச் சொன்னேன். அவர் கோப்பையைப் பார்த்தார், வசந்தமலரைப் பார்த்தார், பிறகு தலையாட்டினார்.

இரண்டு கிழமை கம்ப்யூட்டருக்கு முன்னால் தவம் கிடந்தேன். வேட்டைக்காரர்கள் எழுதுகிற பக்கங்களில் பலர் சின்ன ஸ்கோப், சூம் இல்லாத ஒரே மடங்கு, நல்ல கண்ணாடி என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். காசில்லாத கிழவர்கள் என்று தள்ளிவிட்டேன். கடைசியில் பிடித்தேன் ஒன்றை. ஆறு மடங்கிலிருந்து இருபத்துநாலு மடங்குவரை சூம். முன்கண்ணாடி ஐம்பது மில்லிமீற்றர். சிலுவைக்கோடு சிவப்பில் எரியும். பக்கவாட்டில் மூன்று திருகு. எல்லாம் சேர்த்து நூற்று எழுபத்தொன்பது பவுண், புத்தம் புதுசு. இவ்வளவையும் இந்தக் காசுக்குத் தருகிறான் என்றால் எங்கேயோ கை வைத்திருப்பான் என்று கமரா வாங்க வருகிற எல்லோருக்கும் நான் சொல்வதுண்டு. அன்று அதை எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

சனிக்கிழமை இரண்டு பேரும் ஹேர்ட்ஃபோர்ட் பக்கம் இருந்த துவக்குக்கடைக்குப் போனோம். கடைக்காரர் மெலிந்த கிழவர், சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். நாயகத்தைக் கண்டதும் சிரித்து, கேட்காமலே உள்ளே போய் ஒரு பழைய ஸ்கோப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஜேர்மனியில் செய்தது. குழாயில் நீளமாக ஒரு கீறல். ஆறு மடங்கு, அவ்வளவுதான். கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது. நாயகம் அதன்மேல் கையை வைத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இது என் அப்பாவின் வயசு, சூமும் இல்லை, இதைக் கொண்டு என்ன செய்கிறது என்று கேட்டேன். தமிழில்தான் கேட்டேன், ஆனால் என் மூக்குச் சுழித்த விதம் கிழவருக்கும் விளங்கியிருக்கும். நான் தெரிவு செய்ததன் பெயரைச் சொன்னேன். அது சுவர்த்தட்டில் இருந்தது. எடுத்துச் சூமைத் திருகி, சிவப்பை எரித்து, நாயகத்தின் கையில் கொடுத்தேன். அவர் வாங்கி ஒருதரம் கண்ணில் வைத்துப் பார்த்தார். பழையதிலிருந்து மற்றக் கையை எடுத்தார்.

"நீங்கள் சொன்னால் சரிதான், மச்சான்."

கிழவர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாயகம் கண்ணைக் காட்டினார். நான் அதைக் கண்டேன், ஆனால் விலையைக் குறைக்கச் சொல்கிறார் போலும் என்று விட்டுவிட்டேன்.

பூட்டுகிற வேலையையும் நான் விடவில்லை. கமராவுக்கு வைத்திருக்கிற சின்னச் சின்ன ஸ்குரூ டிரைவர்களோடு எட்மண்டனுக்குப் போய், அவருடைய மேசையில் துவக்கை வைத்து, என் கைப்படப் பூட்டினேன். கமராக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கண் கமராவோடு ஒட்டியிருக்கவேண்டும், இடையில் வெளிச்சம் புகக்கூடாது. அதே மாதிரி ஸ்கோப்பைப் பின்னுக்கு இழுத்து, கன்னத்தை வைத்தால் கண் போய்க் கண்ணாடியில் முட்டுகிற மாதிரி வைத்தேன். கொஞ்சம் முன்னுக்குப் போனால் என்று நாயகம் தொடங்கினார். ஒட்டவேண்டும் என்றேன். அவர் ஸ்குரூக்களை எடுத்து என் கையில் தந்தார்.

நவம்பர் முதல் சனிக்கிழமை, குறி சரிபார்க்கப் பண்ணைக்குப் போனோம். வயலின் அந்தத்தில் மண்மேடு. அதன் முன்னால் மட்டையில் வட்டம் கீறி வைத்துவிட்டு நாயகம் படுத்தார். நான் பக்கத்தில் நின்று, சூமை முழுக்க ஏற்றச் சொன்னேன். இருபத்துநாலு. அவர் ஏற்றினார். வெடித்தது. துவக்கு உதைத்து, ஸ்கோப்பின் பின்விளிம்பு போய் அவருடைய புருவத்தில் அரைநிலவு மாதிரி ஒரு வெட்டு. இரத்தம் மூக்குவரைக்கும் வடிந்தது.

அவர்தான் பொக்கற்றில் இருந்த லேஞ்சியால் பொத்திக்கொண்டு, ஒன்றுமில்லை, பழகவேண்டும், நல்ல ஸ்கோப் என்று எனக்கு ஆறுதல் சொன்னார். மறுபடியும் படுத்தார். இந்தமுறை கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, கண்ணைத் தூரத்தில் வைத்து ஏதோ வித்தை காட்டினார். குண்டுகள் மட்டையில் ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று மட்டைக்கே வெளியே என்று போயின. நாலு மணிக்கெல்லாம் வெளிச்சம் மங்க, ஸ்கோப்புக்குள் சாம்பல் கரைத்த தண்ணிதான் தெரிந்தது. திரும்பி வரும்போது புருவத்தில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு அவரே கார் ஓட்டினார். நல்ல ஸ்கோப் என்று இன்னொருதரமும் சொன்னார்.

சோதனைக்கு இன்னும் இரண்டு கிழமை. என் தெரிவில் பிழை என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை. புருவம் வெட்டுவதுதானே பிரச்சினை. கமராவின் பின்பக்கம் கண் படுகிற இடத்தில் றப்பர் வளையம் ஒன்று போடுவோம். அதைப் போல ஸ்கோப்புக்கும் ஒன்று போட்டால் சரி. புதன்கிழமை பின்னேரம் தனியாகவே துவக்குக்கடைக்குப் போனேன்.

நான் றப்பர் வளையத்தைப் பற்றி விளங்கப்படுத்தி முடிக்கும்வரை கிழவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் மச்சானின் புருவம் எப்படியிருக்கிறது என்று விசாரித்தார். நான் புருவத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. முகம் சுட்டது. கிழவர் நாலு விரலைச் சேர்த்துத் தன் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் வைத்துக் காட்டினார். அவ்வளவு தூரம் இருக்கவேண்டுமாம். துவக்கு உதைக்கும் என்பது கமராக்காரருக்கு நினைவு வராதுதான் என்று எனக்காகச் சமாதானமும் சொன்னார்.

அதோடு விட்டிருந்தாலும் தப்பியிருப்பேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து அந்தப் பழைய ஸ்கோப்பை எடுத்தார். அதில் ஒரு கடதாசித் துண்டு கட்டியிருந்தது. துண்டில் நாயகத்தின் பெயர்.

கிழவர் சொன்னது இதுதான். நான் கம்ப்யூட்டரில் தவம் தொடங்க முன்னமே நாயகம் மூன்றுதரம் அந்தக் கடைக்கு வந்திருக்கிறார். மூன்றுதரமும் பொழுது சாய்கிற நேரம் பார்த்து. தட்டில் இருந்த எல்லா ஸ்கோப்பையும் பின்கதவடிக்குக் கொண்டுபோய், இருண்ட வேலிக்குள் பார்த்துப் பார்த்துக் கழித்து, கடைசியில் இதைத் தெரிவு செய்திருக்கிறார். நூற்று எழுபது பவுண். இருபது பவுண் முற்பணம் கட்டி, மாதக் கடைசிச் சனிக்கிழமை வந்து எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் சனிக்கிழமைதான் நானும் கூட வந்தது. முற்பணத்தை அவர் திருப்பிக் கேட்கவும் இல்லை. மறுநாள் தொலைபேசியில் கிழவர் காரணம் கேட்டதற்கு, வந்தவர் என் தங்கச்சியின் புருஷன், எங்கள் ஆட்களில் அவருக்கு மறுப்புச் சொல்கிற வழக்கம் இல்லை என்றாராம். முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், ஸ்கோப்பைக் கழிக்க இப்படி ஒரு காரணம் கேட்டதில்லை, உண்மைதானா என்று கிழவர் என்னைக் கேட்டார்.

உண்மைதான் என்றேன். வேறு என்ன சொல்ல.

வெளியே நாலு மணி வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கிழவர் என்னைப் பின்கதவடிக்குக் கூட்டிப்போய், முதலில் என் ஸ்கோப்பின் தம்பி ஒன்றைத் தந்தார். வேலிக்குக் கீழே கறுப்பாக ஏதோ கிடந்தது, என்னவென்று தெரியவில்லை. சூமை ஏற்றினேன், இன்னும் கறுத்தது. பிறகு பழையதைத் தந்தார். தள்ளுவண்டி. அதன் சில்லு, சில்லில் ஒட்டிய ஈர இலை, இலையின் நரம்பு. வீட்டுக்குள் விளக்குப் போட்டதுபோல இருந்தது. பெருப்பிக்கப் பெருப்பிக்க வெளிச்சம் குறையும். இது எனக்குத் தெரியாததா? மங்கல் மண்டபத்தில் சூம் போடாதே என்று என்னிடம் வேலை செய்கிற பெடியளை எத்தனை தரம் ஏசியிருக்கிறேன். மான் வெளியே வருவதே விடியலிலும் பொழுது சாயும்போதும்தான் என்பது கம்ப்யூட்டரில் எல்லோரும் எழுதியிருந்தார்கள். நான் எண்களைத்தான் வாசித்தேன்.

நூற்றைம்பது பவுண் மிச்சக் காசைக் கட்டி அந்த ஸ்கோப்பை எடுத்தேன். காருக்குள் இருந்து வெகுநேரம் ஸ்டார்ட் பண்ணவில்லை. எரிச்சல் வந்தது. முதலில் நாயகத்தின்மேல், பிறகு கிழவரின்மேல், கடைசியில் வரவேண்டிய ஆளின்மேல். பதினாறு வருஷத்துக் கணக்கு ஒவ்வொன்றாக மேலே வந்தது. கடைப் பலகைக்கு மஞ்சள் நிறம் அடிக்கச் சொன்னது நான். அடித்தார். ஆடு ஏற்ற ஒரு பழைய வான் பார்த்துக் கொடுத்தது நான். வாங்கினார், அது எட்டு மாதத்தில் மூன்றுதரம் நடுறோட்டில் நின்றது. கடையில் பூமாலையும் விற்கலாம் என்றேன். விற்றார், இறைச்சிக்குப் பக்கத்தில் தொங்கிய மாலையை ஒருவரும் வாங்கவில்லை. சின்ன மகளுக்கு ஆரணி என்று பெயர் வைத்ததும் நான் சொல்லித்தான். அதையாவது அவருக்குப் பிடித்திருக்கவேண்டும் கடவுளே என்று இருந்தது. இவ்வளவு காலமும் என் புத்தியை அவர் மதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மதித்தது தன் தங்கச்சியின் தாலியை.

வீட்டுக்கு வந்து வசந்தமலரிடம் சொன்னேன். அவள் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியபிறகு கேட்டாள்.

"அண்ணை உங்களுக்கு இல்லையெண்டு சொல்லி எப்பவாவது கேட்டிருக்கிறியளே?"

யோசித்துப் பார்த்தேன். எங்கள் கலியாணம் கொப்பன்ஹேகனில் நடந்தது. தகப்பன் இல்லை, தாய் யாழ்ப்பாணத்தில். நோர்வேயிலிருந்து வந்த நாயகம்தான் இவளின் கையைப் பிடித்து என் கையில் வைத்தார். இனி வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை நீங்கள்தான் என்று சொன்னார். அதற்குப்பிறகு அவர் வாயில் இல்லை என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. நேரே போய் என் தெரிவு பிழை, மாற்றுங்கள் என்றால் என்ன என்று கேட்டேன். இல்லை மச்சான் நல்ல ஸ்கோப் என்றுதான் சொல்வார் என்றாள் அவள். உங்களைப் பிழையாக்க அவருக்கு மனம் வராது, இதைப் பரிசாகக் கொடுத்தாலும் பெட்டியோடு அலுமாரிக்குள் வைத்துவிட்டு உங்களுடையதால்தான் சுடுவார். நீங்கள் எதைக் கேட்டாலும் தருவார், அதுதான் அவருடைய மருந்தில்லாத வருத்தம் என்று புட்டுக்குத் தேங்காய்ப்பூவைப் போட்டாள்.

எதைக் கேட்டாலும் தருவார். அப்படியென்றால் கேட்டால் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு எட்மண்டனுக்குப் போனேன். நாயகம் சாப்பாட்டு மேசையில் துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். புருவத்துக் காயம் காய்ந்து கறுத்திருந்தது. பார்க்க வெட்கமாக இருந்தது. சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"மச்சான், எனக்கு உந்த ஸ்கோப் வேணும்."

அவர் நிமிர்ந்தார். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. நான்தான் பொய்யைத் தயார்செய்து வைத்திருந்தேனே, அதை வீணாக்க மனமில்லாமல் சொன்னேன். வீடியோக் கமராவுக்கு முன்னால் இதைப் பூட்டினால் மண்டபத்தின் பின்னுக்கு நின்று தாலிகட்டை எடுக்கலாம் என்றேன். பால்குடிகூட நம்பாத பொய். ஆனால் நான் சொல்லி முடிக்கமுன்னமே அவர் ஸ்குரூவைக் கழற்றத் தொடங்கிவிட்டார். பதினாறு வருஷத்தில் என் சொல்லை அவர் இவ்வளவு ஆசையோடு நிறைவேற்றி நான் பார்த்ததில்லை. ஐந்து நிமிஷத்தில் என் இருபத்துநாலு மடங்கு, பெட்டியோடும் துணியோடும் என் மடியில் இருந்தது.

பிறகு கோட்டுப் பொக்கற்றிலிருந்து பழையதை எடுத்து மேசையில் வைத்தேன். கடைக்காரர் இதை என் தலையில் கட்டிவிட்டார், எனக்கு உதவாது, உங்களுக்கு வேணுமென்றால் வைத்திருங்கள் என்றேன். நாயகம் அதைக் கையில் எடுத்தார். குழாயில் இருந்த கீறலைப் பெருவிரலால் தடவினார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது. தேத்தண்ணி குடிப்போமா என்று கேட்டார்.

அதை அவரே பூட்டினார். ஒரு மணித்தியாலம் எடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைத் துவக்கில் வைப்பார், பிறகு கண்ணைத் திறந்து பார்ப்பார், ஒரு நூல் முன்னுக்குத் தள்ளுவார், மறுபடியும் கண்ணை மூடுவார். ஒரு ஸ்குரூவை இறுக்க எனக்குக் கை துருதுருத்தது. கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கிழமை அவர் மட்டும் பண்ணைக்குப் போய்க் குறி பார்த்துவிட்டு வந்தார். எப்படி என்று கேட்டதற்குப் பரவாயில்லை என்றார். அவர் சொன்னால் அது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது சனிக்கிழமை வந்தது. என்னை அவர் கூப்பிடவில்லை, நான்தான் விடியவே எட்மண்டனுக்குப் போய்க் காரில் ஏறி உட்கார்ந்தேன். பண்ணைக்காரர் உயரமான மனிதர், நாயும் தொலைநோக்கியுமாக வயலில் நின்றார். புல்லெல்லாம் ஈரம். நூறு யாருக்கு அப்பால் மட்டையில் நாலு அங்குல வட்டம், இங்கிருந்து பார்க்கச் சட்டைப் பொத்தான் அளவு. நாயகம் சாக்கை விரித்துப் படுத்தார். என்னால் இந்த மனிதனின் துவக்குப் போய்விடக்கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டேன்.

முதல் வெடி. பண்ணைக்காரர் தொலைநோக்கியில் பார்த்து உள்ளே என்றார். இரண்டாவது வெடி. அவர் கொஞ்சம் அதிகநேரம் பார்த்தார். உள்ளேதான், ஆனால் கோட்டை ஒட்டி என்றார். மூன்றாவதுக்கு நாயகம் தயாராகிற நேரம் பார்த்துக் காற்று எழும்பியது. வேலியில் கொப்புகள் அசைந்தன. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காற்றுக்கு ஒதுக்கிப் பிடிக்கவேண்டும், இல்லை, காற்று அடங்கும்வரை பொறுக்கவேண்டும், மூச்சைப் பாதியில் நிறுத்தவேண்டும் என்று கம்ப்யூட்டரில் வாசித்ததெல்லாம் தொண்டைவரை வந்துவிட்டது. பட்டது போதாதா, பேசாமல் இரு என்று எனக்கு நானே சொன்னேன். சொல்லிக்கொண்டே ஒரு அடி முன்னுக்கு வைத்தேன்.

"மச்சான், காத்து இடப்பக்கத்தால அடிக்குது, கொஞ்சம்..."

நாயகம் துவக்கிலிருந்து கன்னத்தை எடுக்கவில்லை.

"மச்சான், வாயைப் பொத்திக்கொண்டு நில்லுங்கோ."

பொத்தினேன். கையாலேயே பொத்தினேன். எனக்கு ஆத்திரம் வந்திருக்கவேண்டும், நான் ஆத்திரக்காரன். ஆனால் வந்தது வேறு. பதினாறு வருஷமாக என்னைச் சுமந்துகொண்டு நின்ற ஒரு மனிதன் என்னைக் கீழே இறக்கி விட்டதுபோல உடம்பு லேசாகிவிட்டது. கண் கலங்கியது. சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை. காற்று அடித்துக்கொண்டே இருந்தது. அவர் பொறுத்தார். கொப்புகள் ஒரு கணம் நின்றன. வெடித்தது.

பண்ணைக்காரர் தொலைநோக்கியை எடுக்காமல் மட்டைவரைக்கும் நடந்தே போனார். நாய் முன்னால் ஓடியது. திரும்பி வரும்போது மட்டையைக் கையில் கொண்டுவந்தார். மூன்றாவது குண்டு வட்டத்தின் நடுவுக்கு ஒரு விரல் பக்கத்தில் இருந்தது. அவர் பொக்கற்றிலிருந்து காட்டுக் கேற்றுப் பூட்டின் திறப்பை எடுத்து நாயகத்தின் கையில் வைத்தார். செவ்வாய்க்கிழமை வரலாம், கோதுமைப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள் என்று சொல்லிவிட்டு நாயோடு போய்விட்டார்.

நாயகம் திறப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் தான் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்கவேண்டும். முகம் விழுந்துவிட்டது. என்னிடம் வந்து, அவசரத்தில் வாய் தவறிவிட்டது, மனதில் வைத்திருக்கவேண்டாம் என்று தடுமாறினார். நான் அவருடைய தோளைப் பிடித்தேன். இன்னும் ஏதும் இருந்தால் இப்போதே சொல்லுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது என்றேன்.

அவர் புல்லைப் பார்த்தார். திறப்பைப் பார்த்தார். கடைசியில் என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்கள் எடுத்துத் தந்த ஸ்கோப் கூடாது, மச்சான்."

"ஓம்" என்றேன்.

"சரியான கூடாது."

இரண்டாம்தரம் சொன்னபோது குரல் பலமாக வந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. சாக்கைச் சுருட்டிக்கொண்டு வயலுக்குக் குறுக்காகக் காருக்கு நடந்தோம். அந்த ஸ்கோப்பில் என்னென்ன கூடாது, எங்கெங்கே மோசம் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார், நான் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லாமல் கேட்டுக்கொண்டு வந்தேன்.